வீட்டு ஹைட்ரஜன் கலத்துக்கு மின்பகுளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தூய நீர் மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்துவதே இல்லை. காய்ச்சி வடித்த நீரில் இரண்டு தகடுகளை நிறுத்தி 12 வோல்ட் கொடுத்தால், தகடுகளின்மேல் சில குமிழ்கள் ஒட்டியிருப்பதைத் தவிர வேறொன்றும் நிகழாது. நீரைப் பிரிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாய வேண்டுமானால் அதில் அயனிகள் இருக்க வேண்டும். அதற்காகக் கலக்கப்படும் உப்பு, அமிலம் அல்லது காரம்தான் மின்பகுளி. எதைக் கலப்பது என்ற கேள்விக்கு இணையக் காணொளிகள் பலவும் சமையலறையைக் கைகாட்டுகின்றன: கறியுப்பு, ஆப்ப சோடா, வினிகர். இவற்றுள் ஒன்று நச்சு வாயுவைத் தருகிறது, ஒன்று கலத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது, மற்றொன்று வேலையே செய்வதில்லை. மின்சாரத்தை எது நன்றாகக் கடத்துகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், தகடுகளின் முகப்பில் அது என்னவாக மாறுகிறது என்று பார்ப்பதே சரியான வரிசை.

இங்கே பேசப்படுவது சிறிய செயல்விளக்கக் கலம் ஒன்றைப் பற்றி: ஏறத்தாழ ஒரு லிட்டர் கரைசல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நிக்கல் தகடுகள், சில ஆம்பியர் நேர்மின்னோட்டம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனிக் குழாய்களில் வெளியேறும் அமைப்பு. இரு வாயுக்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்து வண்டி எஞ்சினுக்கோ அடுப்புக்கோ கொடுக்கும் அமைப்புகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. வண்டியின் பேட்டரியிலிருந்து எடுக்கும் ஆற்றலைவிட அந்த வாயு திருப்பித் தரும் ஆற்றல் எப்போதும் குறைவு என்பதால், எரிபொருள் மிச்சமாகும் என்ற விளம்பரத்தில் பொருளில்லை; 2:1 விகிதத்தில் கலந்த வாயுவோ ஒரு பொறிக்கே வெடிக்கக்கூடியது.

மின்பகுளியிடம் எதை எதிர்பார்க்க வேண்டும்?

நல்ல மின்பகுளி செலவாவதில்லை. காரக் கரைசலை எடுத்துக்கொண்டால், எதிர்மின்வாயில் (மின்மூலத்தின் எதிர்முனையோடு இணைந்த தகட்டில்) நீர் மூலக்கூறுகள் எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சைடு அயனிகளையும் தருகின்றன. அந்த ஹைட்ராக்சைடு அயனிகள் நேர்மின்வாய்க்கு (நேர்முனையோடு இணைந்த தகட்டுக்கு) நகர்ந்து, எலக்ட்ரான்களை இழந்து, ஆக்சிஜனாகவும் நீராகவும் மாறுகின்றன. கூட்டிக் கழித்தால் குறைவது நீர் மட்டுமே. போட்ட காரம் கலத்திலேயே இருக்கிறது. ஆகவே மட்டம் இறங்கும்போது காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மின்பகுளியையும் சேர்த்து ஊற்றுபவர்களின் கலத்தில் செறிவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு வாயு வரும் என்பதையும் மின்பகுளி தீர்மானிப்பதில்லை. ஃபாரடேயின் விதிப்படி, ஒரு கலத்தின் வழியாக ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால், 25 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 0.46 லிட்டர் ஹைட்ரஜனும் அதில் பாதி அளவு ஆக்சிஜனும் வெளிவரும். அதாவது நிமிடத்துக்கு ஏழரை மில்லிலிட்டர் ஹைட்ரஜன். எந்தப் பொடியைப் போட்டாலும் ஒரு ஆம்பியர் இதைவிட அதிகமாகத் தராது. ‘வாயுவை இரட்டிப்பாக்கும் மின்பகுளி’ என்று ஒன்றை யாராவது விற்றால், அது அதே 12 வோல்ட்டில் அதிக ஆம்பியரை இழுக்கிறது என்பதே அதன் பொருள்.

மின்பகுளி மாற்றக்கூடியது மின்னழுத்தத்தை. நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பம் எடுக்காமல் நடக்க 1.48 வோல்ட் தேவை. தகடுகளின்மேல் வாயு உருவாவதில் உள்ள தயக்கத்தையும் சேர்த்தால் நடைமுறையில் ஒரு கலத்துக்கு 1.8 முதல் 2.2 வோல்ட் வரை ஆகிறது. இதற்கு மேல் கரைசலின் மின்தடைக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டும் வெப்பமாக வீணாகிறது. நல்ல மின்பகுளி இந்த வீணை ஒரு சிறு பின்னமாகக் குறைக்கிறது. அதன் பயன் அவ்வளவே.

கடத்துதிறன்: எங்கே பயன்படுகிறது, எங்கே நின்றுவிடுகிறது

எடை அளவில் 5 சதவீதக் கரைசல்களை 20 டிகிரி செல்சியசில் ஒப்பிட்டால், சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ் என்ற கடத்துதிறன் அலகின் கணக்கில், கந்தக அமிலம் ஏறத்தாழ 211, காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) 206, காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) 178, கறியுப்பு 70, சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) 47, சோடியம் சல்ஃபேட் 43, ஆப்ப சோடா (சோடியம் பைகார்பனேட்) 31 என்று வரிசை அமைகிறது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் ஒன்று, ஒன்றரையைத் தாண்டுவதில்லை. குழாய் நீர் ஊருக்கு ஊர் மாறும். அரை மில்லிசீமென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களை வோல்ட்டுகளாக மாற்றிப் பார்ப்பது நல்லது. தகடுகளுக்கு இடையே 1 சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.05 ஆம்பியர் மின்னோட்டம் என்று கொள்வோம். குழாய் நீரில் இந்த மின்னோட்டத்தைச் செலுத்த, கரைசலின் தடையைக் கடக்க மட்டுமே 100 வோல்ட் தேவைப்படும். ஆப்ப சோடாவில் அது 1.6 வோல்ட், அதாவது, நீரைப் பிரிக்கச் செலவிடும் அளவுக்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு. 5 சதவீதக் காஸ்டிக் சோடாவில் கால் வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. பெருந்தொழிற்சாலைகள் பயன்படுத்துவதைப் போல 28 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷ் ஊற்றினால் அது 0.1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். குழாய் நீரிலிருந்து மிதமான காரத்துக்கு வந்ததில் நூறு வோல்ட் மிச்சம். மிதமான காரத்திலிருந்து கடுங்காரத்துக்குப் போவதில் கிடைப்பது 0.15 வோல்ட் மட்டுமே. அந்த 0.15 வோல்ட்டுக்காகக் கண்ணைக் குருடாக்கக்கூடிய 28 சதவீதக் கரைசலை வீட்டில் வைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. இடைவெளியை 1 சென்டிமீட்டரிலிருந்து அரை சென்டிமீட்டராகக் குறைத்தாலே ஏறக்குறைய அதே பலன் கிடைத்துவிடும்.

பல தகடுகளை ஒரே தொட்டியில் தொடராக நிறுத்துபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு கலங்களைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளச் செய்வது நல்ல உத்திதான். ஒற்றைக் கலத்துக்கு 12 வோல்ட்டையும் கொடுத்தால் 10 வோல்ட் வெப்பமாகவே போகும். ஆனால் எல்லாக் கலங்களுக்கும் கரைசல் பொதுவாக இருந்தால், மின்னோட்டம் நடுத்தகடுகளைத் தாண்டி, விளிம்புகளைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் பாயும். கரைசலின் கடத்துதிறன் ஏற ஏற இந்தக் கசிவும் ஏறும். செறிவைக் கூட்டியும் வாயு கூடாமல், கரைசல் மட்டும் சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

தகடுகளில் நடப்பது: எவற்றை ஒதுக்க வேண்டும்?

முதலில் ஒதுக்க வேண்டியது கறியுப்பு. உப்பு நீரில் எதிர்மின்வாய் ஹைட்ரஜனைத்தான் தரும். ஆனால் நேர்மின்வாயில் குளோரைடு அயனிகள் குளோரின் வாயுவாக மாறுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரத்திலும் சேலம் மாவட்டத்தின் மேட்டூரிலும் உப்பு நீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்துவந்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு பாட்டிலில் உப்பைப் போட்டு மின்சாரம் கொடுப்பவர், அந்தத் தொழிற்சாலையின் காப்பு ஏற்பாடுகள் எதுவுமில்லாமல் அதே வேதிவினையை நடத்துகிறார். குளோரின் நுரையீரலைப் புண்ணாக்கும். ஹைட்ரஜனோடு கலந்துவிட்டாலோ, பொறிகூட வேண்டாம், நேரடி வெயில் பட்டாலே வெடிக்கக்கூடும். தடுப்பில்லாத கலத்தில் குளோரினின் ஒரு பகுதி எதிர்ப்பக்கத்தில் உண்டாகும் காரத்தோடு சேர்ந்து வெளுப்புக் கரைசலாகும். இவை போக, குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் காப்புப் படலத்தைத் துளைத்து ஊசிக்குழிகளை உண்டாக்குவதால், தகடு வெகு விரைவில் அரிக்கப்பட்டு, நீர் துருச்சேறாக மாறிவிடும். கடல் நீர், இந்துப்பு, கிணற்று உப்பு நீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆப்ப சோடா ஆபத்தில் மிகக் குறைவானது. ஆகவேதான் அது தொடக்கநிலை வழிகாட்டிகளில் இடம்பெறுகிறது. ஆனால் நேர்மின்வாய் அருகே உண்டாகும் அமிலத்தன்மை பைகார்பனேட்டைத் தாக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. ஆக்சிஜன் என்று நாம் நினைத்துப் பிடிக்கும் வாயுவில் கரியமில வாயுவும் கலந்திருக்கும். ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2:1 விகிதம் காட்ட நினைக்கும் ஆசிரியருக்கு அளவு பொருந்தாது. கரைசல் ஓட ஓட, பைகார்பனேட் சிறிது சிறிதாகக் கார்பனேட்டாக மாறிக்கொண்டே போகும். நீரில் அது கரையும் அளவும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 96 கிராம்தான். சலவைச் சோடா இதைவிட ஒரு படி மேல். கடத்துதிறனும் அதிகம், தோலுக்கும் காஸ்டிக் சோடாவைப் போலக் கொடியதல்ல. சிறுவர்கள் கையாளும் வகுப்பறைக் கலம் என்றால், வாயு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று சலவைச் சோடாவையே நான் தேர்ந்தெடுப்பேன். மணமும் நிறமும் சேர்த்த சலவைத் தூளைச் சோடா என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது; அதில் இருக்கும் நுரைப்பான் கலத்தை நுரையால் நிரப்பிவிடும்.

அமிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பள்ளிப் பாடநூல்கள் ‘அமிலம் கலந்த நீர்’ என்றே நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றன. அது தவறல்ல. ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் 1866ஆம் ஆண்டு விவரித்த, இன்றும் பள்ளி ஆய்வகங்களில் நிற்கும் அந்த மூன்று குழாய் கண்ணாடிக் கருவியில் நீர்த்த கந்தக அமிலம் பயன்படுகிறது. ஆனால் அதன் மின்வாய்கள் பிளாட்டினத்தால் ஆனவை. வீட்டுக் கலத்தில் இருப்பது இரும்புக் குடும்பத்தைச் சேர்ந்த உலோகம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் ஆசிடை நீர்த்து ஸ்டீல் தகடுகளோடு வைத்தால், நேர்த்தகடு கரைந்து கரைசல் பச்சையாகவும் பழுப்பாகவும் நிறம் மாறும். ஈயத் தகடுகள் அமிலத்தைத் தாங்கும்தான். ஆனால் ஈயத்தின்மேல் ஹைட்ரஜன் எளிதில் உருவாவதில்லை என்பதால் மின்னழுத்தம் கூடும், கழிவில் ஈயம் சேரும். பிளாட்டினம் வாங்கும் வசதி உள்ளவருக்கு மட்டுமே அமிலம் உகந்தது.

சோடியம் சல்ஃபேட், பொட்டாசியம் சல்ஃபேட் போன்ற நடுநிலை உப்புகள் நச்சு வாயு எதையும் தருவதில்லை. நிறங்காட்டி சேர்த்து, ஒரு பக்கம் அமிலமாகவும் மறுபக்கம் காரமாகவும் மாறுவதைக் காட்ட இவை மிகவும் ஏற்றவை. ஆனால் அந்த நிறமாற்றமே இவற்றின் குறையையும் சொல்கிறது. வாயுக்களைப் பிரிக்கும் தடுப்பு இருக்கும் கலத்தில் இரு பக்கங்களும் தனித்தனியே அமிலமும் காரமுமாகப் பிரிந்துபோகும், அமில-கார அளவான பி.எச். வேறுபாட்டின் ஒவ்வொரு அலகுக்கும் 0.059 வோல்ட் கூடுதலாகத் தேவைப்படும். அமிலமான பக்கத்தில் நிற்கும் ஸ்டீல் தகடு அரிக்கப்படும். கலம் முழுவதும் காரமாகவே இருந்தால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

மற்றவை ஒவ்வொரு வாக்கியத்தில் முடியும். எப்சம் உப்பு எதிர்மின்வாயின்மேல் வெண்ணிற மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படியும். நைட்ரேட் உரங்களில் எதிர்மின்வாய் ஹைட்ரஜனுக்குப் பதிலாக நைட்ரைட்டையும் அம்மோனியாவையும் உண்டாக்கக்கூடும். வினிகரும் எலுமிச்சைச் சாறும் கடத்தாதவை என்றே கொள்ளலாம்.

காஸ்டிக் சோடாவா, காஸ்டிக் பொட்டாஷா?

எஞ்சி நிற்பவை சோடியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். தொழிற்சாலைகள் பொட்டாஷைத்தான் விரும்புகின்றன. காரக் கலங்களில் 25 முதல் 30 சதவீதப் பொட்டாஷ் கரைசலை 70 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, நிக்கல் பூசிய தகடுகளுக்கு இடையே ஓட்டுவது வழக்கம். பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கல் உர ஆலையில் ஹைட்ரஜன் தயாரித்ததும், அதையொட்டியே 1962இல் இந்தியாவின் முதல் கனநீர் (கன ஹைட்ரஜன் மிகுந்த நீர்) ஆலை அங்கே அமைந்ததும் நீரின் மின்னாற்பகுப்பை நம்பித்தான். அத்தகைய செறிவில் பொட்டாஷ் சோடாவைவிட நன்றாகக் கடத்துகிறது. சோடாக் கரைசலோ 20 சதவீதத்தைத் தாண்டியதும் பிசுபிசுத்துக் கடத்துதிறனை இழக்கத் தொடங்குகிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக் காரம் கார்பனேட்டாக மாறும்போது, பொட்டாசியம் கார்பனேட் எளிதில் கரைந்தே இருக்கும். சோடியம் கார்பனேட் செறிந்த கரைசலில் படிகமாகி அடைப்பை உண்டாக்கக்கூடும்.

இந்தக் காரணங்களில் எதுவும் 5 சதவீதக் கரைசலுக்குப் பொருந்தாது. மேலே உள்ள வரிசையைத் திரும்பப் பார்த்தால், அந்தச் செறிவில் காஸ்டிக் சோடாவே முன்னிற்பது தெரியும். சோடியம் அயனி பொட்டாசியம் அயனியைவிட மெதுவாக நகர்ந்தாலும், சோடாவின் மோலார் நிறை 40, பொட்டாஷின் நிறை 56. ஒரே எடையில் சோடா கூடுதலான அயனிகளைத் தருகிறது. மேலும், கடையில் கிடைக்கும் பொட்டாஷ் வில்லைகளில் ஏறத்தாழ 85 சதவீதமே பொட்டாஷ், மீதி ஈரம். சோடாச் செதில்கள் 97, 98 சதவீதத் தூய்மையில் கிடைக்கின்றன. சோப்புத் தயாரிப்போருக்குப் பொருள் விற்கும் கடைகளில் சோடா எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பதையும் சேர்த்தால், வீட்டுக் கலத்துக்குப் பொட்டாஷைத் தேடி அலையக் காரணமே இல்லை. வெறும் சோடியம் ஹைட்ராக்சைடு என்று சிட்டையில் குறித்த பொருளை வாங்க வேண்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகள் சிலவற்றில் அலுமினியத் துகள்கள் கலந்திருப்பதால், அவை கலத்துக்கு ஆகா.

நீர், பாத்திரம், தகடு

காய்ச்சி வடித்த நீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் அயனி நீக்கிய நீர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் காரத்தைக் கண்டதும் வெண்படிவாகி எதிர்த்தகட்டை மூடும். அதிலுள்ள குளோரைடு, உப்பைப் போடாமலேயே உப்பு போட்ட விளைவைச் சிறிதளவு தரும். ஆர்.ஓ. நீரில் உப்புகள் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர், செம்பு, அலுமினியச் சுருள்களின்மேல் வழிந்து வருவது. அதைத் தவிர்ப்பது நல்லது.

பாத்திரம் பாலிபுரோப்பிலின் அல்லது கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது: காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து, மின்சாரமே இல்லாமல், கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் ஹைட்ரஜனை வெளியேற்றும். துத்தநாகம் பூசிய தகரத்துக்கும் இதே கதிதான். குளிர்பான பாட்டில்களின் பெட் பிளாஸ்டிக்கையும் பாலிகார்பனேட்டையும் காரம் நாளடைவில் சிதைக்கும். வாயுக்களைப் பிரிக்கத் துணி வைப்பதானால் நைலான் வலைத்துணி ஏற்றது. பாலியெஸ்டர் காரத்தில் இற்றுப்போகும். தகடுகளுக்கு மேலே திடமான பிளாஸ்டிக் தடுப்பும், தகடுகள் எதிரெதிரே நிற்கும் பகுதியில் நைலான் வலையும் அமைந்து, இருபக்க நீர்மட்டமும் சமமாக இருந்தால், வாயுக்கள் பெருமளவு தனித்தனியே ஏறும். வலையைக் கடந்து சிறிதளவு கலப்பு இருக்கவே செய்யும் என்பதால், கிடைக்கும் ஹைட்ரஜனைத் தூயதென்று எண்ணிவிடக் கூடாது.

தகடுகளில் நிக்கல் தலைசிறந்தது. 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காரத்தில் நெடுநாள் தாங்கும். செம்பு நேர்மின்வாயில் நிற்காது. பென்சில் கரியும் பழைய பேட்டரியின் கரிக்கோலும் நேர்மின்வாயில் ஆக்சிஜனால் அரிக்கப்பட்டு, உதிர்ந்து, கரைசலைக் கறுப்பாக்கும். தகடுகளில் எண்ணெய்ப்பசை ஒட்டியிருந்தால் காரம் அதைச் சோப்பாக மாற்றும். புதுக் கலம் காரணமின்றி நுரைப்பதுபோல் தோன்றினால் ஐயம் கொள்ள வேண்டியது இதைத்தான்.

கரைசல் தயாரித்தல்

950 கிராம் நீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் ஒரு கிலோ கிடைக்கும். பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். நீரை முதலில் பாத்திரத்தில் எடுத்து, சோடாவைப் பிளாஸ்டிக் கரண்டியால் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் ஒரே இடத்தில் வெப்பம் குவிந்து கொதித்துத் தெறிக்கும். இந்த அளவுக்கு வெப்பநிலை பதின்மூன்று டிகிரி அளவில்தான் உயரும். இருபது சதவீதக் கரைசலைக் கலக்க முயன்றிருந்தால் ஐம்பது டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம். கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் பட்ட காரத்தை வினிகரால் சமன்படுத்த முயல்வது கூடாது, நீரே மருந்து.

ஒரேயடியாக 5 சதவீதத்தில் தொடங்க வேண்டும் என்பதில்லை. மின்னழுத்தம் மாறாத 12 வோல்ட் மூலம் மட்டுமே கையில் இருந்தால், செறிவுதான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே பிடி. ஒரு சதவீதத்தில் தொடங்கி, அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே, சிறிது சிறிதாகக் கூட்டுவது முறை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு: வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். குளிர்ந்த கரைசலில் 5 ஆம்பியருக்குச் சரிசெய்த கலம், அரை மணி நேரம் ஓடிச் சூடானபின் அதைவிட வெகுவாகக் கூடுதலாக இழுக்கும். அது மேலும் சூடாக்கும், மேலும் இழுக்கும். ஆகவே கலம் சூடான நிலையில்தான் இறுதிச் செறிவை முடிவு செய்ய வேண்டும். இணைப்பில் ஃப்யூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். மின்னோட்டத்தை வரையறுக்கும் வசதியுள்ள மின்மூலம் இருந்தால் இந்தக் கவலையே வேண்டியதில்லை. வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் டையோடு பாலத்தின் வழியே நேரடியாகக் கொடுக்கும் அமைப்புகளைச் சில காணொளிகளில் காணலாம். அந்தக் கரைசலைத் தொட்டவர் உயிரோடிருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை

கரைசலின் நிறமே முதல் சான்று. நிறமற்று இருந்தால் எல்லாம் நலம். பழுப்பு நிறச் சேறு அடியில் தங்கினால் நேர்த்தகட்டின் இரும்பு கரைகிறது. நீரில் குளோரைடு இருக்கிறதா, மின்னோட்டம் தகட்டின் பரப்புக்கு மிஞ்சியதா என்று பார்க்க வேண்டும். தெளிந்த கரைசல் மஞ்சளாக மாறினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து குரோமியம் குரோமேட்டாக வெளியேறுவதன் அடையாளம். குரோமேட்டில் இருக்கும் அறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மஞ்சள் கண்டவுடன் கலத்தை நிறுத்தி, கையுறையோடு கையாள வேண்டும். தொடர்ந்து இப்படி ஆனால் நிக்கல் தகட்டுக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிவரும் வாயு நுண்ணிய காரத் துளிகளைச் சுமந்துவரும் என்பதால், இரு குழாய்களிலும் நீர் நிரம்பிய குமிழ்ப் புட்டி ஒன்று வேண்டும். அது காரத்தைக் கழுவுவதோடு, வெளியே தீப்பற்றினால் சுடர் கலத்துக்குள் திரும்புவதையும் தடுக்கும். இந்த வாயுவை மூச்சாக இழுப்பதற்கென்று சிலர் கலம் கட்டுகிறார்கள். காரத் துளிகளையும் தகட்டின் உலோகத்தையும் நுரையீரலுக்கு அனுப்பும் வழி அது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும், பற்றவைக்க 0.02 மில்லிஜூல் ஆற்றலே போதும், நைலான் ஆடையில் உண்டாகும் நிலைமின் பொறியே அதைவிடப் பெரிது. சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. திறந்த வெளியில், கூரை இல்லாத இடத்தில், சோதனைக்குழாய் அளவில் மட்டுமே வாயுவைப் பிடிக்க வேண்டும். பாட்டிலிலோ சிலிண்டரிலோ சேர்த்துவைக்கக் கூடாது.

சேமிப்பும் கழிவும்

காரக் கரைசல் திறந்திருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சிறிது சிறிதாகக் கார்பனேட்டாகும், கடத்துதிறன் குறையும். வேலை முடிந்ததும் எச்.டி.பி.இ. புட்டியில் ஊற்றி, பிளாஸ்டிக் திருகு மூடியால் இறுக்கி, பெயரையும் செறிவையும் தேதியையும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. பார்வைக்கு அது தண்ணீரைப் போலவே இருக்கும். கண்ணாடி அடைப்பான் உள்ள புட்டியும் பொருந்தாது, ஏனெனில் காரம் கண்ணாடி முகப்புகளை ஒட்டவைத்துவிடும்.

தீர்ந்த கரைசல் நிறமற்று இருந்தால், நிறைய நீர் ஊற்றி நீர்த்து, வினிகரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, லிட்மஸ் தாள் நடுநிலை காட்டியபின் கழிவுநீர்க் குழாயில் விடலாம். மஞ்சளாக இருந்தால் குழாயிலும் மண்ணிலும் ஊற்றாமல், தனிப் புட்டியில் அடைத்துக் குரோமியக் கழிவு என்று எழுதி, அபாயகரமான கழிவுகளை ஏற்கும் அமைப்பிடமோ, அத்தகைய கழிவுகளை முறைப்படி அனுப்பும் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.